குங்குமம் வைத்த மெடல்

செத்துப்போன மறுநாள் காலை ஸ்டானிஸ்லாஸுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், அவர் குடியிருந்த சந்தின் முனையில், பத்தடி உயர ஃப்ளெக்ஸ் பேனராக நின்றார். பச்சை யூனிஃபார்ம். தோளில் மூன்று நட்சத்திரம். நெஞ்சில் மெடல். முதுகுக்குப் பின்னால் பனிமலை, மலைக்கு மேலே சீறிப் பாயும் இரண்டு விமானங்கள், விமானங்களுக்கும் மேலே ஆசீர்வதிக்கும் மாதா. காலடியில் மஞ்சள் எழுத்து: ‘எதிரிகளை ஓட ஓட விரட்டி வீரப் பதக்கம் வென்ற கேப்டன் ஸ்டானிஸ்லாஸ். கண்ணீர் அஞ்சலி.’

தலை மட்டும்தான் அவருடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் ராணுவத்திலிருந்து திரும்பிய பிறகு மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் திறந்துவிட்டவர். “யோவ் பெர்சு, கேட்டைத் தொற!” என்று லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்குவார்கள். ஓடி வந்து திறப்பார். உள்ளே போகும் லாரிக்கு ஒரு சல்யூட்டும் வைப்பார். அதே யார்டில் அவர் மகன் நெல்சன் சூப்பர்வைசர். அப்பா சல்யூட் வைக்கும் நேரத்தில் நெல்சன் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்று நேராகப் பார்த்தான்.

“ஸோக்கா கீதா மாமு?” என்றான் ரஞ்சித். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவன், நெல்சனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். விடியும் முன்பே ஆள் வைத்து பேனரைக் கட்டியது அவன்தான். “நம்ப நைனா சும்மா சிங்கம் கணக்கா நிக்கறாரு பாரு.”

“நல்லா கீதுடா.” நெல்சன் குரலில் துக்கம் பாதி, பெருமை பாதி.

“இத்தினி வருசமா எனக்கே தெரியாதே, நைனா கேப்டன்னு! கேட்டாண்ட குந்திக்கினு இருந்தாரே மன்ஷன், ஒரு வார்த்தை சொன்னாரா?”

“அவுரு சொல்ல மாட்டாருடா.”

அதுவரை பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

ரஞ்சித் ஒரு கவரிலிருந்து கறுப்பு ரிப்பனை எடுத்து நெல்சனின் சட்டைப் பையில் குத்தினான். வருகிற எல்லோருக்கும் குத்திக்கொண்டிருந்தான். சவப்பெட்டிக் கடைக்காரர் போனில் இருந்ததால் நெல்சன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இவ்வளவுதான். வண்ணாரப்பேட்டையில் பஷீரின் ஃப்ளெக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் ஸ்டானிஸ்லாஸின் முகம் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

“மிலிட்டரி டிரெஸ்ஸு நம்பகிட்ட நெறையா கீது நெல்சா,” என்றார் பஷீர். “இன்னா ரேங்க்கு போடட்டும்?”

கடை வாசலில் யார்டு ஆட்கள் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் ரேங்க் என்னவென்று நெல்சனுக்கு நிஜமாகவே தெரியாது.

“கேப்டன், பாய்.”

வாசலில் ஒருவன் “அடேங்கப்பா!” என்றான். அந்த அடேங்கப்பா நெல்சனின் நெஞ்சுக்குள் சர்பத்தாக இறங்கியது.

“மெடலு?”

“வை பாய்.”

“நெட்டுல எடுத்தா கலங்கலா வரும். உங்கிட்ட ஒண்ணும் இல்லியா?”

நெல்சன் தன் போனை நீட்டினான். போன வருஷம் எண்ணூர் தாழங்குப்பத்தில் ஒரு வீட்டுக்குள் எடுத்த படம். சுவரில் மாலை போட்ட ஒரு ராணுவ வீரன். அதன் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மெடல். பக்கத்தில் விறைப்பாக ஸ்டானிஸ்லாஸ். பஷீர் மெடலை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டானிஸ்லாஸின் நெஞ்சில் ஒட்டினார். அளவு கச்சிதம்.

“நடுவுல செவப்பா இன்னாவோ கீதே. குங்குமமா? அழிச்சிடவா?”

“இருக்கட்டும் பாய். அப்பத்தான் நெஜ மெடல் மாரி தெரியும்.”

நிஜ மெடல்தான். வேறொருவருடையது.

* * *

“மங்கம்மா பெரிம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்,” என்றாள் ஜூடி, நெல்சனின் மனைவி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. “அவங்களுக்கு முட்டி வலி, பஸ்ஸுல ஏற முடியாது. நீ போய் ஆட்டோல இட்டுகினு வந்துடு.”

நெல்சன் சந்து முனையைத் திரும்பிப் பார்த்தான்.

மங்கம்மா! எப்படி மறந்தான்?

தாழங்குப்பத்து மங்கம்மா, கன்னியப்பனின் மனைவி. கன்னியப்பனும் ஸ்டானிஸ்லாஸும் பட்டாளத்தில் ஒரே பிரிவு. காஷ்மீர்ப் பக்கம் ஒரு பனிச்சரிவில் கன்னியப்பன் போய்விட்டார். மெடல் அவருக்குக் கிடைத்தது. டெல்லிக்குப் போய் அதை வாங்கி வந்த மங்கம்மா சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். தன் நெற்றியில் வைத்துக்கொள்ள முடியாததை அதற்கு வைத்தாள்.

ஒவ்வொரு வருஷமும் கன்னியப்பனின் நினைவு நாளன்று ஸ்டானிஸ்லாஸ் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அங்கே போவார். கடைசியாகப் போனபோது நெல்சன்தான் பைக்கில் கூட்டிப்போனான். ஒரு படம் எடுத்தான். பிறகு போன் வந்ததென்று வெளியே போனவன் வெளியிலேயே நின்றுவிட்டான். உள்ளே இரண்டு கிழங்களும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தன. என்ன பேசினீர்கள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

எண்ணூரிலிருந்து காசிமேடு வரைக்கும் ஒப்பாரிக்கு மங்கம்மாவை விட்டால் ஆளில்லை. செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதை ஒன்று விடாமல் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுவாள். பொய் மட்டும் கலக்கமாட்டாள். சாராயத்தில் போனவனைச் சாராயத்தில் போனான் என்றே பாடுவாள். அவன் பெண்டாட்டியே தலையாட்டி அழுவாள்.

ஸ்டானிஸ்லாஸ் பேச்சு நிற்பதற்கு முன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அதுதான். “மங்கம்மா அண்ணி வந்து பாடணும். அப்பால என்னைத் தூக்குங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“செரிப்பா,” என்றிருந்தான் நெல்சன். என்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம்.

அந்த மங்கம்மா இப்போது வரப்போகிறாள். அவள் புருஷன் மெடல், அவள் வைத்த குங்குமத்தோடு, சந்து முனையில் இன்னொருவர் நெஞ்சில் தொங்குகிறது. அவள் அதைப் பார்த்தால் பாடமாட்டாள். அவள் பாடாவிட்டால் அப்பாவின் கடைசி ஆசை அம்போ. நாலு மணிக்கு அடக்கம்.

“ரஞ்சித்து! பேனரை எறக்கு!”

“இன்னாது? இப்பத்தானே கட்னோம்.”

“எறக்குடான்றேன். பர்மிஷன் இல்ல, போலீஸ் வருவான்.”

“காலைலயே ஒரு போலீஸ்காரரு பாத்து, தொப்பியைக் கழட்டி கும்புட்டுட்டுப் போனாரு மாமு. நீ வேற!”

நெல்சன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “காரணம் கேக்காதே. எறக்கு. இந்த ஒண்ணுதானே?”

ரஞ்சித் பெருமையாகச் சிரித்தான். “நான் கட்னது ஒண்ணுதான். பஷீர் பாய் ஃபைலை குரூப்புல தட்டிவுட்டாரு இல்ல? அவங்கவங்க பேரு போட்டு அடிச்சிக்கினாங்க. காசிமேட்ல மீன்பிடி போட்டுக்காரங்க. எக்ஸ்பிரஸ் ரோட்ல லாரி ஸ்டாண்டாண்ட உங்க யார்டு பசங்க. அப்பால தண்டையார்பேட்டைல எவனோ. இத்தினி மரியாதை எவனுக்குடா கெடைக்கும்?”

நெல்சன் சாலைக்கு ஓடினான்.

* * *

எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அசையாமல் நின்றன. லாரி ஸ்டாண்டு பேனரை நெல்சன் ஆட்டோவிலிருந்தே பார்த்தான். கேப்டன் ஸ்டானிஸ்லாஸின் காலடியில் சின்னச் சின்ன வட்டங்களில் யார்டு ஆட்களின் முகங்கள். ‘யோவ் பெர்சு’ என்று கத்தினவர்கள் அத்தனை பேரும் அங்கே கை கூப்பிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது இந்த வழி கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

தாழங்குப்பத்தில் மங்கம்மா தயாராக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நீலப் புடவை. வாயில் வெற்றிலை இல்லை. சாவுக்குப் பாடப் போகும் நாளில் போடமாட்டாள்.

“வா நெல்சு. கிட்ட வா, கண்ணு முன்ன மாரி தெரியல.”

குனிந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கீழே. அங்கேயே பார்த்தாள். கையைத் தூக்கி அவன் சட்டைப் பையிலிருந்த கறுப்பு ரிப்பனை ஒரு தடவை நீவிவிட்டாள். விரல் அங்கேயே தங்கியது. பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்தான் நெல்சன்.

எழுந்து உள்ளே போனாள். சுவரில் இருந்த கன்னியப்பன் படத்தின் முன்னால் நின்றாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

“போலாம்.”

“எக்ஸ்பிரஸ் ரோடு வேணாம்பா,” என்றான் நெல்சன் ஆட்டோக்காரரிடம். “உள்ளால போ. தேரடி வழியா.”

“உள்ள செம டிராபிக்கு சார்.”

“பரவால்ல. போ.”

எர்ணாவூர் தாண்டியது. மங்கம்மா கேட்டாள்:

“கடைசியா இன்னா சொன்னாரு தம்பி?”

“நீங்க வந்து பாடணும்னாரு பெரிம்மா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னாரு.”

“ம். உனக்கு இன்னா தெரியும்?”

“எனக்கா?”

“ஒப்பாரில புள்ளைங்க சொல்றதையும் வச்சிப் பாடுவேன் நான். அப்பன் பட்டாளத்துல இன்னாவா இருந்தான், இன்னா பண்ணான், புள்ளை சொன்னா பாட்டுக்கு ஒரு அழகு. சொல்லு.”

நெல்சன் யோசித்தான். அப்பா சோற்றைத் தட்டில் மிச்சம் வைக்கமாட்டார். போர்வையை நாலு மூலையும் சரியாக மடிப்பார். இதெல்லாம் பாட்டுக்கு ஆகுமா?

“நீங்க பாடறது போதும் பெரிம்மா.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “சாவுக்கா போறீங்க? ராயபுரத்துல மிலிட்டரி கேப்டன் ஒருத்தரு பூட்டாராமே. லாரி ஸ்டாண்டாண்ட படா பேனரு. மெடலெல்லாம் வாங்கினவராம். அந்தச் சாவா?”

நெல்சன் முந்திக்கொண்டான். “இல்ல. இது வேற.”

“ஒரே நாள்ல ராயபுரத்துல ரெண்டு மிலிட்டரியா? அதிசயந்தான்!”

“ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா!”

மங்கம்மா வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். “மெடலு லேசுல கெடைக்காது தம்பி,” என்றாள் ஆட்டோக்காரரிடம். பிறகு, அதே குரலில், “உங்கப்பாவுக்கு எதுனா மெடலு குடுத்தாங்களா நெல்சு?”

“இல்ல பெரிம்மா.”

“மெய்யாலுமே?”

“மெய்யாலுமே இல்ல.”

“அதை நாலு பேருகிட்ட சொல்றதுக்கு உனக்கு வெக்கமா கீதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல பெரிம்மா.”

அவள் காத்திருந்தாள். அது அவனுக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

தண்டையார்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றது. இடதுபக்கம், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், கேப்டன் ஸ்டானிஸ்லாஸ். நெல்சன் பாய்ந்து ஆட்டோவின் ரெக்ஸின் திரையை இறக்கினான்.

“இன்னாடா?”

“வெயிலு பெரிம்மா. முகத்துல அடிக்குதே.”

“வெயிலு அந்தப் பக்கம்லடா அடிக்குது.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிக்னல் விழுந்தது. நெல்சன் மூச்சை விட்டான். தப்பித்தான். இன்னும் ஒரே ஒரு பேனர், சந்து முனையில்.

* * *

சந்து முனையில் பேனர் இல்லை. வெறும் சவுக்குக் கம்புகள் இரண்டு நின்றன. ரஞ்சித் தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நெல்சனுக்கு உயிர் வந்தது. மங்கம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினான். சந்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள் வழிவிட்டு எழுந்தார்கள். யார்டு ஆட்கள், போட்டுக்காரர்கள், கோயில் ஆட்கள்.

ரஞ்சித் ஓடி வந்து முன்னால் நின்றான். அவன் நெஞ்சில் கறுப்பு ரிப்பன். ரிப்பனுக்கு மேலே வட்டமாக, பிளாஸ்டிக் பளபளப்போடு, ஒரு பேட்ஜ். பேட்ஜுக்குள் ஸ்டானிஸ்லாஸ். பச்சை யூனிஃபார்ம். மெடல். மெடலின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

நெல்சன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். அவன் நெஞ்சிலும் அதே. அதற்கு அடுத்தவன் நெஞ்சிலும். சந்து நெடுக, அத்தனை நெஞ்சிலும் கன்னியப்பனின் மெடல்.

மெல்லக் குனிந்தான்.

அவன் நெஞ்சிலும்.

தாழங்குப்பத்தில் அவள் நீவியது ரிப்பனை அல்ல. வழி நெடுக அவள் பக்கத்தில் அதைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைக் குத்திக்கொண்டுதான் ‘மெய்யாலுமே இல்ல’ என்றான். அதைக் குத்திக்கொண்டுதான் வெயில் என்று திரையை இறக்கினான். உண்மையைச் சொல்ல அவள் எத்தனை முறை வாசலைத் திறந்துவிட்டாள்! ஒரு முறையாவது உள்ளே நுழைந்தானா?

“பெரிம்மா…” என்றான்.

மங்கம்மா அவன் கையை விலக்கிவிட்டுத் தானாக நடந்தாள்.

வீட்டுக் கூடத்தில் வாடகை ஐஸ் பெட்டிக்குள் ஸ்டானிஸ்லாஸ் கிடந்தார். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து முகம் மங்கலாகத் தெரிந்தது. சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். ‘தாழங்குப்பத்தம்மா வந்துட்டாங்க’ என்று ஒரு கிசுகிசுப்பு ஓடியது. எல்லோரும் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாரானார்கள்.

பெட்டியைப் பார்த்த வேகத்தில் மங்கம்மாவின் குரல் உயர்ந்தது.

“யாருடா இவரை ஐஸ் பொட்டில போட்டது?”

பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

“ஒரு ராவு முழுக்கப் பனிக்குள்ள கெடந்த மன்ஷன்டா இவரு! அன்னிலேர்ந்து ஜில்லுத்தண்ணி வாயில வச்சவரு இல்ல. ஒரு குச்சி ஐஸு வாங்கித் தின்னு பாத்துக்கீறியா நெல்சு?”

நெல்சன் நினைத்துப் பார்த்தான். வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து அப்பா மண்பானைத் தண்ணீர்தான் குடித்தார். ‘பட்டிக்காடு’ என்று அவனே கிண்டல் செய்திருக்கிறான். ஏன் என்று ஜூடியாவது கேட்டிருப்பாளோ? கேட்டிருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

“வெளிய எடுங்க.”

எடுத்தார்கள். பெஞ்சில் பாயை விரித்துக் கிடத்தினார்கள். மங்கம்மா தலைமாட்டுக்குப் போகவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். இடது காலில் இரண்டு விரல் இல்லை. அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சூடு உண்டாக்குகிறவள் மாதிரி உள்ளங்கையால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பாடவில்லை.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயிலிலிருந்து ஆள் வந்து, பங்கு சாமியார் பூசைக்குத் தயாராகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான். சவப்பெட்டிக்காரர் மூடியோடு வாசலில் நின்றார்.

“பெரிம்மா, பாடுங்க பெரிம்மா,” என்றாள் ஜூடி. “நேரமாவுது. அவுரு ஆசைப்பட்டாரு.”

மங்கம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

நெல்சன் அவள் முன்னால் முட்டி போட்டான். “எனுக்காக வேணாம் பெரிம்மா. அப்பாவுக்காகப் பாடுங்க.”

அவள் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

“யாருக்குப் பாடச் சொல்றே? படத்துல கீறவருக்கா, இங்க படுத்துக்கினு கீறவருக்கா?”

“பெரிம்மா…”

“படத்துல கீறவரை எனக்குத் தெரியாதுடா. அவரு மெடலை மட்டுந்தான் தெரியும்.”

வாசலில் யார்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ரஞ்சித் புரியாமல் நின்றான். நெல்சனுக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. பஷீர் தெரியாமல் போட்டுவிட்டார் என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள். பாய்தானே, மெடல் எது என்று அவருக்கு என்ன தெரியும்? அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது வந்ததற்காகவும் கூசினான்.

எழுந்தான். பேட்ஜைப் பிடுங்கினான். சட்டைப் பை கிழிந்தது.

“எல்லாரும் கேளுங்க. இது எங்கப்பா மெடலு இல்ல. இவங்க வூட்டுக்காரரு கன்னியப்பன் பெரிப்பாவோடது. செத்துட்டு வாங்கின மெடலு. எங்கப்பா கேப்டனும் இல்ல. நான்தான் போடச் சொன்னேன். பஷீர் பாய் மேல தப்பு இல்ல, ரஞ்சித்து மேல தப்பு இல்ல. நான்தான்.”

யாரும் ‘விடுப்பா’ என்று சொல்லவில்லை. சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. சொல்லாதது கன்னத்தில் விழுந்தது.

வாசலில் ஒரு லாரி டிரைவர் பேட்ஜைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் கழற்றினார். ஊக்குகள் கழலும் சத்தம் சந்து வரை போனது.

ரஞ்சித் கடைசியாகக் கழற்றினான். “எங்கிட்ட கூடவாடா உடான்ஸ் வுட்டே?” என்றான் மெதுவாக. “நைனா கேட் வாட்ச்மேனா இருந்தப்பவே நான் அவரு கால்ல வுழுந்துதானே என் போட்டைக் கடல்ல எறக்கினேன். கேப்டன்னா கேட்டேன் உன்னை?”

நெல்சன் கிழிந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான்.

“இன்னும் எத்தினி கீது?” என்றாள் மங்கம்மா.

ரஞ்சித்தான் சொன்னான். “சந்தோட பின்முனைல ஒண்ணு கீது ஆயா. கோயில் பசங்க கட்னது, இப்பத்தான் பாத்தேன். அப்பால தண்டையார்பேட்டை, காசிமேடு, லாரி ஸ்டாண்டு.”

“போ நெல்சு. மொதல்ல இந்தத் தெருவுல கீறதை உங்கையால அவுத்துட்டு வா. மத்ததை அடக்கம் முடிச்சிட்டு. ஆளு வைக்காதே.”

“போறேன். நீங்க பாடி முடிச்ச உடனே…”

“இப்பவே போ.”

“நான் கேக்க வேணாமா பெரிம்மா?”

மங்கம்மா ஸ்டானிஸ்லாஸின் காலை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எழுந்து தலைமாட்டுக்கு நகர்ந்தாள்.

“கேக்கறதுக்கு உனக்கு இத்தினி வருசம் இருந்துச்சு. இது அவருக்கு.”

* * *

சந்தின் பின்முனையில், பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஏணி வாங்கிச் சாத்திக்கொண்டு ஏறினான் நெல்சன். கோயில் இளைஞர் சபை கட்டின பேனர். நைலான் கயிற்றை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தார்கள். கத்தி கொண்டுவரவில்லை. நகத்தால் பிரித்தான்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது.

மங்கம்மாவின் குரல் கூரைகளுக்கு மேலே எழும்பி வந்தது. ராகம் கேட்டது. வார்த்தை கேட்கவில்லை. ‘கூடப் பொறக்காத பொறப்பே’ என்று ஒரு வரி மட்டும் தெளிவாக வந்தது. அதற்குள் சாலையில் ஒரு டிரெய்லர் உறுமிக்கொண்டு போனது. அது போனதும் காதைத் தீட்டினான். குரல் வேறு எங்கோ போயிருந்தது. மலை ஏறுகிறதா? வண்டி ஓட்டுகிறதா? யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதா?

முதல் முடிச்சு அவிழ்ந்தது. கேப்டன் ஸ்டானிஸ்லாஸின் ஒரு தோள் சரிந்தது.

திடீரென்று உள்ளே அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் ஓவென்று கதறினார்கள். நெல்சன் ஏணியில் அப்படியே நின்றான். அப்படி என்ன சொன்னாள்? அந்த ராத்திரி பனிக்குள் என்ன நடந்தது?

கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம். சிரிப்பு. அழுகையின் நடுவில், மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. ரஞ்சித்தின் சிரிப்பு அதில் தனியாகத் தெரிந்தது. ஜூடியுடையதும்.

அப்பாவைப் பற்றிச் சிரிக்க என்ன இருந்தது?

இறங்கி ஓடலாமா என்று பார்த்தான். இன்னும் மூன்று முடிச்சு. ஓடிப்போய் வாசலில் நின்றால் யாரும் துரத்தமாட்டார்கள். மங்கம்மா கூடத் துரத்தமாட்டாள். ஆனால் கால் அசையவில்லை. அந்தக் கூடத்தில் இருக்கிற எல்லோரும் இந்நேரம் அப்பாவைத் தெரிந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே எந்த முகத்தோடு போய் நிற்பது?

டீக்கடையில் கிளாஸோடு நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்தார். ஊருக்குப் புதியவர் போல. கையில் ஹெல்மெட்.

“இன்னாங்க, சாவு எடுக்கறதுக்குள்ளயே பேனரைக் கழட்றீங்க?”

“தப்பா அடிச்சிட்டாங்க.”

“ஓ. யாரு இவரு?”

“எங்கப்பா.”

“அடடா!” அவர் கிளாஸைக் கீழே வைத்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். “மிலிட்டரியா?”

“ஆமாங்க.”

“அங்க இன்னாவா இருந்தாரு?”

கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. பேனர் மடங்கி நெல்சனின் தோள்மேல் விழுந்தது. ஒரு கையால் ஏணியையும் மறு கையால் பேனரையும் பிடித்துக்கொண்டான். சந்துக்குள்ளிருந்து மங்கம்மாவின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது, வார்த்தை இல்லாமல்.

“தெரியாதுங்க,” என்றான்.